குங்ஃபூவா, எம்எம்ஏவா? எடை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 ஏப்ரலில் சீனாவின் செங்டு நகரில் ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் பெய்ஜிங்கைச் சேர்ந்த எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம், தரைச்சண்டை எல்லாம் கலந்த சண்டைப் போட்டி) பயிற்சியாளர் ஷூ சியாவ்தோங். மறுபக்கம் தாய்ச்சி என்ற குங்ஃபூ வகையின் ஆசான் வெய் லெய். வெய் லெய் கைகளை முன்னால் நீட்டியபடி மெதுவாக நகர்ந்தார். ஷூ பாய்ந்து வந்து குத்தினார். வெய் விழுந்தார். விழுந்தவர் மேலும் குத்துகள் இறங்கின. மொத்தமே சுமார் 20 வினாடிதான். வீடியோவைப் பார்த்தவர்களில் ஒரு சாரார் "குங்ஃபூ எல்லாம் சும்மா" என்றார்கள். இன்னொரு சாரார் "அவர் உண்மையான மாஸ்டரே இல்லை" என்றார்கள். இரண்டு பேச்சுமே அவசரம். இன்று வரை இந்த விவாதம் ஓயாததற்குக் காரணம், இரு தரப்பும் திரும்பத் திரும்பச் செய்கிற சில தவறுகள்.

ஒரே ஒரு சண்டையை வைத்து ஒரு கலை முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவதுதான் இவற்றில் பரவலானது. 2020 மே மாதம் ஷான்தோங் மாகாணத்தின் சிபோ நகரில் மா பாவ்குவோ என்ற தாய்ச்சி ஆசான் மேடை ஏறினார். அரை நிமிடத்துக்குள் 3 முறை விழுந்தார். மூன்றாவது முறை எழவில்லை. அப்போது அவருக்கு வயது 69. அந்த வயதில் ஒருவர் அடிபட்டு விழுவதை ஒரு கலையின் தோல்வி என்று கொண்டாடுவது நியாயமில்லை. 2010-இல் குத்துச்சண்டையின் முன்னாள் உலகச் சாம்பியன் ஜேம்ஸ் டோனி, யுஎஃப்சி என்ற அமெரிக்க எம்எம்ஏ அமைப்பின் கூண்டுக்குள் போனார். மல்யுத்தத்திலிருந்து வந்த ராண்டி கூட்டூர் அவரை உடனே தரையில் சாய்த்து, முதல் சுற்றிலேயே கழுத்தை நெரித்துச் சண்டையை முடித்துவிட்டார். அதைப் பார்த்து யாரும் குத்துச்சண்டை ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. டோனிக்குத் தரைச்சண்டை தெரியாது என்றுதான் சொன்னார்கள். அந்த நிதானம் குங்ஃபூ விஷயத்திலும் வேண்டும்.

அதற்காக ஆதரவாளர்கள் சொல்கிற சாக்கை ஏற்க முடியாது. "எங்கள் அடிகள் உயிரை எடுத்துவிடும், அதனால்தான் மேடையில் காட்ட முடியாது" என்பது அவர்கள் வாதம். யுஎஃப்சியின் தொடக்க காலப் போட்டிகளை எடுத்துப் பாருங்கள். 1993-இல் டென்வரில் தொடங்கியபோது எடைப் பிரிவு இல்லை, கையுறை கட்டாயமில்லை. கடிக்கக் கூடாது, கண்ணைக் குத்தக் கூடாது என்பது போன்ற ஒன்றிரண்டு தடைகள்தான். 1994-இல் நடந்த போட்டிகளில் தலைமுடியைப் பிடித்து இழுத்ததும் உண்டு, இடுப்புக்குக் கீழே குத்தியதும் உண்டு. அந்தச் சூழலில் முதல் 4 போட்டிகளில் 3-இல் வென்றவர் ஒல்லியான பிரேசிலிய ஜியு-ஜிட்சு (தரையில் பிடித்து மடக்கும் கலை) வீரர் ராய்ஸ் கிரேசி. கொல்லும் அடி எதுவும் அவரிடம் இல்லை. தினமும் எதிர்க்கிற ஆளோடு பழகிய பிடிகள் இருந்தன.

விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஜப்பானில் 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ இதைத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார். பழைய ஜுஜுட்சுவில் இருந்த ஆபத்தான அடிகளைக் காட்டாவுக்கு, அதாவது முன்கூட்டியே வகுத்த அசைவு வரிசைக்கு, ஒதுக்கினார். முழு பலத்தோடு செய்தாலும் எதிரில் இருப்பவர் எழுந்து நிற்கக்கூடிய வீச்சுகளையும் (ஆளைத் தூக்கி வீழ்த்துவது) பிடிகளையும் மட்டும் தினசரி மோதலுக்கு வைத்தார். ஆபத்து குறைந்த நுட்பங்களைத் தினமும் முழு வேகத்தில் செய்ய முடிந்ததால், சண்டையில் அவைதான் கைகொடுத்தன. தொண்டையில் குத்துவதை ஒருவர் காற்றில் எத்தனை ஆண்டு செய்தாலும், பதிலுக்குக் குத்துகிற ஆளின் தொண்டை எங்கே நகரும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

விங் சுன் என்ற குங்ஃபூ பாணியின் வகுப்புகளில் சீ சாவ் என்று ஒரு பயிற்சி உண்டு. இருவர் எதிரெதிரே நின்று முன்கைகளை ஒட்டி வைத்து உருட்டுவார்கள். எதிராளியின் கை எந்தப் பக்கம் அழுத்துகிறது, எங்கே தளர்கிறது என்பதைத் தோலாலேயே உணர்ந்து, இடைவெளி கிடைத்த நொடியில் கை உள்ளே போகும். நல்ல கைகள் செய்யும்போது பார்க்கவே அழகு, உண்மையான திறமையும்கூட. ஆனால் குத்துச்சண்டை வீரர் தன் கையை உங்கள் கையோடு ஒட்ட விடமாட்டார். அவருடைய இடது கைக் குத்து வந்த வேகத்தில் திரும்பிப் போய்விடும். ஒட்டுவதற்கே கை இல்லாதபோது சீ சாவ் தொடங்கவே இல்லை. அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது, குத்து வாங்காமல் எப்படி உள்ளே நுழைவது என்பதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். பல வகுப்புகளில் இல்லாதது அந்தப் பாலம்தான். கையை ஒட்டி நின்று பிடித்து முட்டும் நெருக்கத்தில் அதே உணர்வு நன்றாகவே வேலை செய்யும்.

சீனக் கலை என்றாலே வெள்ளை உடையில் மெதுவாக அசையும் தாய்ச்சி என்று நினைத்துக்கொள்வது இன்னொரு பெரிய தவறு. 1949-க்குப் பிறகு சீன அரசு இந்தக் கலைகளை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்து, மேடையில் செய்து காட்டும் தாவ்லு வரிசைகளாக ஒழுங்குபடுத்தியது. பூங்காக்களில் இன்று நாம் பார்க்கும் 24 அசைவுத் தாய்ச்சி 1956-இல் அப்படித் தொகுத்ததுதான். உடல்நலத்துக்காக எளிமையாக்கிய வரிசை அது. வயதானவர்கள் தடுமாறி விழுவதைக் குறைக்க அது உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அதைக் கூண்டுக்குள் கொண்டுபோய்ச் சோதிப்பதே பிழை.

சண்டைப் பக்கம் சாண்டா என்ற பெயரில் தனியாக வளர்ந்தது. 1979-இல் சோதனை முறையில் தொடங்கினார்கள். குத்து, உதை, வீச்சு மூன்றும் உண்டு. கயிறு கட்டாத, தரையிலிருந்து 80 செ.மீ. உயர மேடையில் நடக்கும். எதிராளியை மேடையிலிருந்து வெளியே தள்ளினாலும் புள்ளி. இதன் அடையாளமே உதையைப் பிடித்து வீழ்த்துவதுதான். விலா நோக்கி வருகிற உதையைக் கையால் அணைத்து உடம்போடு இறுக்கிக்கொள்வார்கள். அடுத்த நொடி ஓரடி உள்ளே போய், அவர் ஊன்றி நிற்கும் ஒற்றைக் காலைத் தட்டிவிடுவார்கள். உதைத்தவருக்குத் தான் விழுந்தது மல்லாந்த பிறகுதான் தெரியும். இந்த வீச்சுகளில் பல ஷுவாய் ஜியாவ் என்ற பழைய சீன மல்யுத்தத்திலிருந்து வந்தவை. தாய்லாந்தின் முய் தாய் சண்டை வீரர்களுக்கே இது தலைவலி.

இதில் வளர்ந்தவர்கள் கூண்டுக்குள்ளும் ஜெயித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சாண்டாவால் பெயரெடுத்த கங் லீ 2008-இல் ஃபிராங்க் ஷாம்ராக்கை வென்று ஸ்ட்ரைக்ஃபோர்ஸ் என்ற எம்எம்ஏ அமைப்பின் பட்டத்தை வாங்கினார். அவருடைய உதைகளைத் தடுத்துத் தடுத்தே ஷாம்ராக்கின் முன்கை எலும்பு முறிந்தது. ஹெபெய் மாகாணத்தில் சிறு வயதிலேயே சாண்டா கற்ற ஜாங் வெய்லி 2019 ஆகஸ்டில் ஷென்ஜென் நகரில் 42 வினாடியில் ஜெசிகா அன்ட்ராஜியை வீழ்த்தி, யுஎஃப்சி பட்டம் வென்ற முதல் சீனர் ஆனார். சரி, சாண்டா மட்டும் போதுமா என்றால் போதாது. சாண்டாவில் விழுந்ததும் நடுவர் எழுப்பிவிடுவார். தரையில் தொடரும் சண்டையை இவர்கள் வெளியே கற்றுத்தான் ஆக வேண்டியிருந்தது.

பழம்பெருமையைச் சான்றாக வைப்பதும் உதவாது. இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. காஞ்சியிலிருந்து போன போதிதர்மர்தான் ஷாவோலின் குங்ஃபூவைக் கற்றுக்கொடுத்தார் என்று பெருமையோடு சொல்கிறோம். அந்தக் கதைக்கு ஆதாரமாகக் காட்டும் உடற்பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது என்பது ஆய்வாளர்களின் முடிவு. கதை உண்மையாகவே இருந்தாலும், இன்றைய ஒரு மாணவர் எப்படிச் சண்டை போடுவார் என்பதை அது சொல்லாது. பழைய சீனர்களே இதில் நம்மைவிடக் கறாராக இருந்தார்கள். கடற்கொள்ளையரோடு போரிட்ட மிங் காலத் தளபதி சீ ஜிகுவாங், வெறுங்கைச் சண்டைக்குப் பெரும் போரில் அதிக வேலையில்லை, கைகால்களைப் பழக்க உதவும் என்று எழுதினார். அதே காலத்துத் தளபதி யூ தாயோ 1561-இல் ஷாவோலின் மடத்துக்கே போய்ப் பார்த்து, அங்கே கம்புக் கலையின் உயிர் போய்விட்டது என்றார். துறவிகள் கோபப்படவில்லை. இருவரை அவரோடு அனுப்பி மறுபடி கற்றுவரச் செய்தார்கள். எனக்கு அந்தத் துறவிகள் மேல் பெரிய மரியாதை உண்டு.

நிஜச் சண்டை சினிமாவில் வருவது போல இருக்கும் என்ற எதிர்பார்ப்பும் கண்ணை மறைக்கும். 1954 ஜனவரியில் மக்காவ்வில் தாய்ச்சி ஆசான் வூ கோங்யியும் வெண்கொக்குப் பாணி ஆசான் சென் கெஃபுவும் மோதினார்கள். ஹாங்காங்கே பரபரத்தது. அதன் படச்சுருள் இன்றும் கிடைக்கிறது. வரிசையிலிருந்து எடுத்த அழகான அசைவு ஒன்றுகூட இல்லை. கையை வீசி அடிக்கிறார்கள், தள்ளுகிறார்கள், ஒருவருக்கு மூக்கில் ரத்தம். இரண்டாவது சுற்றோடு நிறுத்தி, யாருக்கும் வெற்றி இல்லை என்று முடித்தார்கள். பழகாத மோதலில் எந்தக் கலைஞரும் இப்படித்தான் ஆவார்.

வகுப்பில் சேர நினைப்பவர்கள் பாணியின் பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டர் ஒரு நுட்பத்தைக் காட்டும்போது எதிரில் நிற்பவர் ஒரே ஒரு குத்து விட்டு, நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிடுகிறாரா, அல்லது கையை இழுத்துக்கொண்டு அடுத்ததை விடுகிறாரா? மாஸ்டர் தொட்டதும் மாணவர்கள் பறந்து போய் விழுகிறார்களா? வாரத்தில் ஸ்பாரிங் (இருவர் எதிர்த்து மோதிப் பழகுவது) உண்டா? வேறு பயிற்சிக்கூடத்தவர்களோடு மோதியிருக்கிறார்களா? இவற்றைக் கேட்டால் நல்ல ஆசான் கோபப்பட மாட்டார். சுவரில் தொங்கும் பட்டங்களை நம்பவே வேண்டாம். 2017 நவம்பரில் சீன விளையாட்டு நிர்வாகமே, தற்காப்புக் கலைஞர்கள் தங்களைப் பெரிய ஆசான் என்றெல்லாம் அழைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிவிக்க வேண்டி வந்தது.

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் படித்துவிட்டு, முதல் வாரமே முழு வேகத்தில் மோத இறங்கிவிடாதீர்கள். தலையில் விழும் அடிகள் சேர்ந்துகொண்டே போகும், மூளை அதை மறக்காது. எதிர்ப்பு வேண்டும் என்றால் பலத்த அடி வேண்டும் என்று பொருளில்லை. முதலில் பிடி, தள்ளு, வீச்சு. அப்புறம் தோளையும் தொடையையும் மட்டும் தொடுகிற விளையாட்டு. பல்லுக்கு மௌத்கார்ட் வாங்கிய பிறகு, மெதுவான வேகத்தில் முகத்துக்கு. மூன்று மாதம் இப்படிப் பழகிய தாய்ச்சி மாணவருக்குத் தன் கலையில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது.