நினைவு திரும்பாதவருக்குப் பாட்டுப் போடுபவர்கள் செய்யும் தவறுகள்

தலையில் அடிபட்டோ, சங்கு குளிக்கும்போது மூச்சு முட்டியோ நினைவிழந்தவரை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பாம்பன், கீழக்கரைப் பக்கம் பல வீடுகளில் முதல் வேலையே தலைமாட்டில் செல்போனை வைத்துப் பாட்டைப் போட்டுவிடுவதுதான். நல்ல எண்ணம்தான். ஆனால் காலையில் போட்ட பாட்டு ராத்திரி வரை ஓடினால் அது சிகிச்சை இல்லை, வெறும் சத்தம். டிவி, வாசல் பேச்சு, பாட்டு என்று எல்லாம் கலந்து வருவதைப் பிரித்தெடுக்க அடிபட்ட மூளை திணறும். நிறுத்தச் சொல்லவும் அவரால் முடியாது.

சளி எடுத்து, ஓய்வு கொடுத்து, கண் திறந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன் சில நிமிடம் வீட்டை அமைதியாக வையுங்கள். பாட்டு இல்லாதபோது எப்படி இருக்கிறார் என்று தெரிந்தால்தானே பாட்டு கேட்டதும் என்ன மாறியது என்று சொல்ல முடியும்?

பாட்டை வீட்டுப் பெரியவர்கள் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. பக்திப் பாட்டையே கேட்காதவருக்கு அதையே போடுவார்கள். மீன்பிடி வல்லத்தில் அவருடன் போனவர்களைக் கேளுங்கள், அவர் எதை முணுமுணுப்பார் என்று தெரியும். மீனவர்கள் வேலையின்போது பாடும் அம்பா பாட்டைப் பாடி வலை இழுத்தவர் என்றால், தம்பியோ மச்சானோ பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் மூச்சு ஏறி இறங்கும் வேகத்துக்கு மெதுவாகப் பாடட்டும். இசை சிகிச்சையாளர்கள் கையாளும் முறைகளில் இதுவும் ஒன்று. ஹெட்போன் வேண்டாம். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்றும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், கண்ணீர் வந்தால் 'புரிஞ்சு அழுறார்' என்று முடிவு கட்டுவது. கண்ணீரும் கொட்டாவியும் விரல் துடிப்பும் உணர்வே இல்லாமலும் வரும். அதற்காக 'ஒண்ணும் இல்லை' என்று கைவிடுவதும் தப்பு. 2009-இல் வெளியான பெல்ஜிய ஆய்வு ஒன்றில், உணர்வே இல்லை என்று மருத்துவக் குழு கணித்த 44 பேரை முறையான அளவுகோலால் மறுபடி சோதித்தபோது 18 பேருக்கு ஓரளவு உணர்வு இருந்தது தெரிந்தது. பாடுபவர் இடப்பக்கம் போனால் கண்ணும் போகிறதா? வலப்பக்கம் வந்தால் திரும்புகிறதா? நாளையும் அப்படியே நடக்கிறதா? நேரத்தையும் பாட்டையும் நோட்டில் எழுதி, வீடியோ எடுத்து நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ராகம் பாடியே எழுப்பித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். வலிப்பு மாத்திரையையும் பிசியோவையும் நிறுத்தவே கூடாது. பாட்டு ஓடும்போது கை கால் வெட்டி இழுத்தாலோ, திடீரென வியர்த்துக் கொட்டினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள்.