ஆங்கில ஒப்பீட்டில் மாற வேண்டிய சொல் எது?

எவரெஸ்ட், கே டூ ஆகிய மலைகளைப் பற்றிய ‘எவரெஸ்ட் கே டூவை விட உயரமானது’, ‘எவரெஸ்ட் உலகிலேயே உயரமானது’ என்னும் இரு தொடர்களிலும் ‘உயரமானது’ என்ற சொல் சிறிதும் மாறவில்லை. தமிழில் ஒப்பீட்டின் சுமையைப் பெயர்ச்சொல்லே தாங்குகிறது. ‘ஐ விட’ என்பதும் ‘இலேயே’ என்பதும் அதனோடுதான் ஒட்டுகின்றன. ஆங்கிலத்திலோ பண்பைச் சொல்லும் சொல்லே ‘ஹை’, ‘ஹையர்’, ‘ஹையஸ்ட்’ என உருமாற வேண்டும். தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதுபவர் ‘எவரெஸ்ட் இஸ் ஹை தேன் கே டூ’ என்று எழுதிவிடுவது இதனால்தான். ‘தேன்’ வந்ததுமே ஒப்பீடு முடிந்துவிட்டதாக மனம் நிறைவடைந்துவிடுகிறது. ஆகவே, எழுதி முடித்ததும் ‘தேன்’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, அதற்கு முன்னுள்ள பண்புச்சொல் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். (இந்தத் ‘தேன்’ எழுத்துக்கூட்டலில் ‘ஏ’ பெறும், ‘பிறகு’ எனப் பொருள்படும் ‘தென்’னுக்குத்தான் ‘ஈ’.)

சொல்லை எப்படி மாற்றுவது என்பதை அதன் நீளம் தீர்மானிக்கிறது. ஓரசைச் சொற்கள் பெரும்பாலும் ‘ஈ ஆர்’, ‘ஈ எஸ் டி’ என்னும் ஈறுகளைப் பெறும். அவற்றுள் ‘பிக்’, ‘ஹாட்’ போன்றவற்றில் கடைசி மெய்யெழுத்து இரட்டிக்கும். ‘ஈசி’ போல ‘வை’ எழுத்தில் முடியும் ஈரசைச் சொல்லில் அந்த ‘வை’, ‘ஐ’ ஆகிப் பின்னர் ஈறு சேரும். ‘பியூட்டிஃபுல்’, ‘டிஃபிகல்ட்’ போன்ற நீண்ட சொற்களுக்கு முன்னால் ‘மோர்’, ‘மோஸ்ட்’ வரும். ‘குட், பெட்டர், பெஸ்ட்’, ‘பேட், வர்ஸ், வர்ஸ்ட்’ போன்றவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

ஈறு, ‘மோர்’ ஆகிய இரண்டில் ஒன்றுதான் வர வேண்டும் என்பதால் ‘மோர் ஹையர்’ பிழை. ‘மிக’ என்ற நம் சொல்லை அப்படியே கொண்டுபோய் ‘வெரி ஹையர்’ என்பதும் பிழையே. அங்கே ‘மச் ஹையர்’ என்றே சொல்ல வேண்டும். துல்லியமான வேறுபாடு தெரிந்தால் இன்னும் நல்லது: எவரெஸ்ட் 8,849 மீட்டர், கே டூ 8,611 மீட்டர் என்பதால், ‘எவரெஸ்ட் இஸ் 238 மீட்டர்ஸ் ஹையர் தேன் கே டூ’ என அளவைப் பண்புச்சொல்லுக்கு முன்னால் வைக்கலாம்.

எல்லாவற்றிலும் மேலானதைச் சொல்லும்போது பொதுவாக ‘த’ வேண்டும்: ‘எவரெஸ்ட் இஸ் த ஹையஸ்ட் மவுண்டன் இன் த வேர்ல்ட்’. ‘மை பெஸ்ட் ஃபிரண்ட்’ என்பதுபோல் உடைமைச்சொல் முன்னால் இருந்தால் மட்டும் ‘த’ வராது. இரண்டாம் இடத்திலுள்ள கே டூவும் ‘த செகண்ட் ஹையஸ்ட்’ தான். ‘இரண்டாவது உயரமான’ என்ற தமிழைப் பார்த்துச் ‘செகண்ட் ஹை’ என்று எழுதிவிடக் கூடாது. ‘உயர்ந்த மலைகளுள் ஒன்று’ என்பதில் மட்டும் தமிழே சரியாக வழிகாட்டுகிறது. நாம் ‘மலைகளுள்’ என்று பன்மையில் சொல்வதுபோலவே ‘ஒன் ஆஃப் த ஹையஸ்ட் மவுண்டன்ஸ்’ என்று எழுத வேண்டும். ஆனாலும் பலர் அந்தக் கடைசி ‘எஸ்’ஸை விட்டுவிடுவது வியப்புக்குரியது.

இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் வழுக்கும் இடங்கள் இரண்டு உண்டு. ‘எவரெஸ்ட் இஸ் ஹையர் தேன் எனி மவுண்டன் இன் த வேர்ல்ட்’ என்றால், எவரெஸ்டும் ஒரு மலைதான் என்பதால், அது தன்னைவிடத் தானே உயரமாகிவிடும். ‘எனி அதர் மவுண்டன்’ என்றே எழுத வேண்டும். ‘எவரெஸ்டின் உயரம் கே டூவை விட அதிகம்’ என்று நாம் தாராளமாகச் சொல்வோம், கேட்பவரும் புரிந்துகொள்வார். கவனமான ஆங்கில எழுத்து அவ்வாறு உயரத்தை மலையோடு ஒப்பிடுவதை ஏற்காது. ‘த ஹைட் ஆஃப் எவரெஸ்ட் இஸ் கிரேட்டர் தேன் தட் ஆஃப் கே டூ’ என்று உயரத்தை உயரத்தோடுதான் ஒப்பிடும்.

‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ ஆகியவை லத்தீனில் ஏற்கெனவே ஒப்பீட்டு வடிவம் பெற்று வந்த சொற்கள் என்பதால் அவை ‘தேன்’ ஏற்பதில்லை. அலுவலகக் கடிதத்தில் ‘ஹீ இஸ் சீனியர் டு மீ’ என்றே எழுதுங்கள்.