போர் நினைவிடங்களுக்குக் காரில் செல்வோர் கவனத்திற்கு

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலிருந்து பிரான்சின் சோம் பகுதி வரை, முதல் உலகப் போர் நினைவிடங்களைக் காரில் சென்று பார்க்க விரும்புவோர், புறப்படுவதற்கு முன்பே காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் வீரரின் பெயரைத் தேடி, கல்லறையின் பகுதி, வரிசை, எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால், ஒரே அளவில் நிற்கும் வெண்கற்களுக்கு நடுவே அலைய நேராது. பல கல்லறைத் தோட்டங்களின் வாயிலருகே சுவரில் சிறிய உலோகக் கதவு ஒன்று இருக்கும். அதைத் தயங்காமல் திறக்கலாம், பெயர்ப் பதிவேடு அதற்குள்தான் இருக்கிறது. வழியில் நவ் ஷப்பெல் இந்திய நினைவிடத்தைத் தவறவிடாதீர்கள். கல்லறையே அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களை நின்று நிதானமாகப் படிக்க, அங்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குவது நல்லது. ஈப்பரின் மெனின் வாயிலில் இரவு 8 மணிக்கு ஊதப்படும் அஞ்சலி இசைக்குச் சற்று முன்னதாகவே சென்றுவிடுங்கள்.