மதுரையில் இருந்துகொண்டே மல்டிகன் ஆசையா? முதலில் ஒரு ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள்

மல்டிகன் என்ற துப்பாக்கிச் சுடும் போட்டியின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு "அண்ணே, இதுல எப்படிச் சேர்றது?" என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ரைபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் மாற்றி மாற்றிச் சுட வேண்டும், டைமர் பீப் அடித்ததிலிருந்து கடைசி ஷாட் வரை ஓடுகிற ஒவ்வொரு விநாடியும் கணக்கு. அமெரிக்காவில்தான் அது பெரிய அளவில் நடக்கிறது. நம் ஊரில் அப்படியே ஆட முடியாது, ஏனென்றால் அங்கே எடுத்துக்கொண்டு ஓடுகிற செமி ஆட்டோமேட்டிக் ரைபிளுக்குச் சாதாரணக் குடிமகனுக்கு இங்கே உரிமம் கிடைக்காது. ஆனால் அந்த ஆட்டத்தில் ஆளைத் தூக்கி நிறுத்துகிற இரண்டு விஷயங்கள், முனைக் கட்டுப்பாடும் விசை விரலும், மதுரையிலேயே கற்றுக்கொள்ளக் கூடியவை. அதுவும் உரிமம் இல்லாமலே.

2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. வாயளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேல் போகாத ஏர் துப்பாக்கிக்கு, அதாவது காற்றழுத்தத்தால் சுடுகிற துப்பாக்கிக்கு, உரிமம் தேவையில்லை. 10 மீட்டர் ஒலிம்பிக் போட்டியில் சுடுவது இந்த 4.5 மி.மீ. துப்பாக்கியைத்தான். அதனால் தொடக்கம் இங்கேதான்.

முதல் வேலை, ஒரு ரேஞ்சைத் தேடிப் போவது. மதுரையில் ரைபிள் கிளப் இருக்கிறது. தனியார் பயிற்சி மையங்களும் இருந்தால் விசாரியுங்கள். போய்ச் சும்மா அரை மணி நேரம் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பயிற்சியாளர் கூட நிற்கிறாரா, யாராவது டார்கெட் பக்கம் நடக்கும்போது எல்லாத் துப்பாக்கியும் கீழே வைக்கப்படுகிறதா, இந்த இரண்டும் சரியாக நடந்தால் அந்த இடத்தில் சேரலாம். கிளப் துப்பாக்கியில்தான் முதலில் சுட வேண்டும். ஸ்டெயர், மோரினி மாதிரி போட்டி பிஸ்டல் ஒரு லட்சத்தைத் தாண்டும். உங்கள் கைக்கு எந்தப் பிடி ஒத்துவரும் என்று தெரியாமல் அவ்வளவு பணத்தைப் போடாதீர்கள்.

பிஸ்டலா ரைபிளா என்று குழம்ப வேண்டாம், முடிந்தால் இரண்டையும் சுட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் பிஸ்டல். ரைபிளுக்குக் கெட்டியான கேன்வாஸ் ஜாக்கெட், பேன்ட், தனி ஷூ எல்லாம் வேண்டும், சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பதே ஒரு பயிற்சி. பிஸ்டலுக்குத் தட்டையான அடி உள்ள சாதாரண ஷூ போதும்.

பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்லப் போகிறேன். துப்பாக்கியில் பெல்லட் என்ற சின்னக் குண்டு இருக்கிறதோ இல்லையோ, முனை டார்கெட் பக்கம் மட்டுமே பார்க்க வேண்டும். குறி பார்த்து முடிவெடுக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்புக் கயிறு செருகியிருக்க வேண்டும், பார்க்கிறவர் எவருக்கும் அது காலி என்று தெரிய வேண்டும். ரேஞ்ச் அதிகாரி "ஸ்டாப்" என்றால் பாதி அழுத்திய விசையைக்கூட விட்டுவிட வேண்டும். மல்டிகனில் முனை 180 டிகிரி கோட்டைத் தாண்டிப் பின்னால் திரும்பினால் அந்த இடத்திலேயே போட்டியை விட்டு வெளியே. ஓடிக்கொண்டே சுடுகிற அந்த ஆட்டத்துக்கான ஒழுக்கம், நின்று சுடும்போது உடம்பில் ஏறியிருந்தால்தான் வரும். அப்புறம், மொட்டை மாடியில் பாட்டில் வைத்துச் சுடுகிற வேலை கூடவே கூடாது. சின்ன பெல்லட்தான், ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கண்ணைப் பறிக்க அது போதும். பெல்லட் ஈயம், அதனால் சுட்ட கையோடு வடை எடுத்துச் சாப்பிடாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இனி சுடுவது. வலது கைக்காரர் என்றால் வலது தோள் டார்கெட் பக்கம் வர, கால்களைத் தோள் அகலத்தில் வைத்து நில்லுங்கள், இடது கையைப் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ வைத்துவிடுங்கள். இந்தப் போட்டியில் ஒரே கைதான். கண்ணை மூடிக் கையைத் தூக்குங்கள், திறந்து பாருங்கள். பிஸ்டல் டார்கெட்டுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ இருந்தால் கையை இழுத்துச் சரிசெய்யாதீர்கள், காலை நகர்த்துங்கள்.

பெரும்பாலோர் தடுமாறுகிற இடம் அடுத்தது. கண் எதைப் பார்க்க வேண்டும்? கறுப்பு வட்டத்தை அல்ல, ஃப்ரண்ட் சைட்டை, அதாவது குழல் முனைப் பக்கம் இருக்கிற முன் குறியை. அது கூர்மையாகத் தெரிய வேண்டும், டார்கெட் மங்கலாகத்தான் இருக்கும். காரணம் கணக்கில் இருக்கிறது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 32 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று 1 மி.மீ. பிசகினால் 10 மீட்டரில் பெல்லட் 31 மி.மீ. தள்ளி விழும். பத்து வாங்க வேண்டிய ஷாட் ஏழுக்குப் போய்விடும். ஆனால் சைட் இரண்டும் நேராக இருந்து, கை மொத்தமாக 5 மி.மீ. ஆடினால் பெல்லட்டும் அந்த 5 மி.மீ. தான் விலகும், பத்தாம் வளையத்தின் விட்டமோ 11.5 மி.மீ. கை ஆடத்தான் செய்யும், எல்லோருக்கும் ஆடும். அதை நிறுத்தப் போராடாமல் சைட்டை நேராக வைத்துக்கொண்டு விசையை மெதுவாக, நேராகப் பின்னால் அழுத்துங்கள். "இப்போ, இப்போ" என்று பிடித்து இழுத்தால் எல்லாம் போச்சு. ஷாட் போன பிறகும் ஓரிரு விநாடி அப்படியே சைட்டைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். பத்து விநாடிக்குள் ஷாட் வரவில்லையென்றால் கையை இறக்கி மூச்சு விட்டு மறுபடி தூக்குங்கள். இறக்கத் தெரிந்தவர்தான் நல்ல ஷூட்டர் ஆகிறார், இதை நான் முழுசாக நம்புகிறேன்.

தொடக்கத்தில் வட்டமே இல்லாத வெறும் வெள்ளை அட்டையில் சுடுங்கள். ஐந்து ஷாட் ஒரு இடத்தில் கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். அட்டையின் எந்த மூலையில் கூடினாலும் பரவாயில்லை, சைட் திருகைத் திருப்பினால் அது நடுவுக்கு வந்துவிடும். சிதறலைத்தான் எந்தத் திருகும் சரிசெய்யாது.

வீட்டுப் பயிற்சி பெல்லட் இல்லாமல்தான். போட்டி பிஸ்டல்களில் காற்று வெளியேறாமல் விசையை மட்டும் அழுத்துகிற டிரை ஃபயர் வசதி இருக்கும், சுவரைப் பார்த்து தினமும் இருபது நிமிடம் செய்யலாம். ஸ்பிரிங் வகை ரைபிளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், பெல்லட் இல்லாமல் சுட்டால் உள்ளே இருக்கும் சீல் கெட்டுவிடும். பிஸ்டலே இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடித்து அரை நிமிடம் நின்று பழகுங்கள். இன்னொன்று, காற்று அடைத்த சிலிண்டரை மதுரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

போட்டி என்றால் 15 நிமிடம் தயாராகவும் சைட்டர் (கணக்கில் சேராத சோதனை ஷாட்) சுடவும் தருவார்கள், பிறகு எலக்ட்ரானிக் டார்கெட்டில் 75 நிமிடத்தில் 60 ஷாட், பிஸ்டலுக்கு மொத்தம் 600 புள்ளி. மாவட்டம், மாநிலம், மண்டலம், மாவ்லங்கர் என்ற அகில இந்தியப் போட்டி, தேசியம் என்று ஏணி போகிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியிருக்கிறார். ஷாட்கன்தான் ஆசை என்றால் பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் டிராப் (பறக்கும் தட்டைச் சுடுகிற போட்டி) சுட்டார். தோட்டா போட்டுச் சுடுகிற .22 பிஸ்டலுக்கும் ஷாட்கன்னுக்கும் உரிமம் வேண்டும். அந்தக் கட்டம் வரும்போது கிளப் வழியாகவே விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுங்கள், உங்கள் போட்டி ஸ்கோர் சான்றிதழ்களை இப்போதிலிருந்தே ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள்.