கையெழுத்துக்கு முன் ஒரு மின்னஞ்சல்

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் தம்பியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு, பதவி ஒரு படி கீழே, அடிப்படைச் சம்பளம் 40,000 இனி 30,000 என்று ஒரு தாளை வைத்தார்கள். மூடியைக் கழற்றிப் பேனாவையும் நீட்டினார்கள். நல்லவேளை, "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிட்டான்.

நீங்களும் அதையே செய்யுங்கள். கையெழுத்துப் போட்டால் சம்மதம் என்றாகிவிடும். பேசாமல் இருந்தாலும் அதையே சம்மதமாகக் காட்டுவார்கள். அதனால் அன்றிரவே, "இதற்கு எனக்குச் சம்மதமில்லை, எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டு வேலையைத் தொடர்கிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். கோபத்தில் ராஜினாமா மட்டும் வேண்டவே வேண்டாம்.

பலர் மறந்துவிடுவது பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி மொத்தமாகத் தரும் கிராஜுவிட்டி. அது கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் வரும். 10 வருடம் உழைத்தவருக்கு இந்த வெட்டால் சுமார் 57,700 ரூபாய் போய்விடும். முழுச் சம்பளத்துக்கு உழைத்த வருடங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த அடி!

சட்டப்படி நீங்கள் 'தொழிலாளர்' என்றால், 21 நாள் முன்னறிவிப்பு தராமல் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. பதவிப் பெயரில் மேனேஜர் என்று இருந்தாலும், உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். அப்புறம், பன்னேர்கட்டா சாலை கார்மிக பவனில் தொழிலாளர் துறையிடம் மனு கொடுக்கலாம். நியமனக் கடிதம், பழைய சம்பளச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள்.