சொட்டு நின்றதும் கசிவு நின்றுவிட்டதாக நினைக்காதீர்கள்

சென்ற ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், எங்கள் பட்டறைக்குப் புதிதாக வந்திருந்த இளைஞர், 26 அடி ஃபைபர் படகொன்றின் முன்னறைக்குள் மல்லாந்து படுத்தபடி, கூரையில் நீட்டிக்கொண்டிருந்த நட்டைச் சுற்றி சிலிகானை அப்பிக்கொண்டிருந்தார். என்ன தம்பி செய்யிறே என்று கேட்டேன். “இங்கதாண்ணே சொட்டுது, அதான் அடைக்கிறேன்” என்றார். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதையேதான் செய்தேன். அதற்காக ஒரு படகின் உரிமையாளருக்கு என் கைக்காசைக் கொடுக்கவும் நேர்ந்தது. தூசியைத் துடைக்காமல் சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) பூசுவது, காலாவதியான டியூபைப் பயன்படுத்துவது போன்றவற்றை டியூபின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்தே தவிர்த்துவிடலாம் என்பதால், அவற்றை இங்கே எழுதவில்லை.

அடிப்பக்கத்தில் அடைப்பது

மோட்டார் படகின் மேல்தளம் பெரும்பாலும் ஒரே பலகையன்று. மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், இரண்டுக்கும் நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ நுரைப்பலகையோ இருக்கும். கயிறு கட்டும் கிளீட், ரெயிலிங்கின் கால்கள், தூண்டில் கோல் செருகும் குழல், ஆன்டெனாவின் அடித்தகடு ஆகிய எல்லாவற்றின் போல்ட்டுகளும் இந்த மூன்று அடுக்குகளையும் துளைத்துக்கொண்டுதான் இறங்குகின்றன. மேலேயுள்ள சீலன்ட் வெயிலில் காய்ந்து பிளந்ததும், துளைக்குள் இறங்கும் நீரில் ஒரு பகுதி நடு மரத்தில் ஊறுகிறது, மீதி கீழே சொட்டுகிறது. படுக்கையை நனைக்கும் அந்தச் சொட்டுதான் நமக்குக் கிடைக்கும் ஒரே தகவல். அடிப்பக்கத்தை அடைத்ததும் துளை ஒரு சிறு கிண்ணமாகிவிடுகிறது. ஒவ்வொரு மழைக்கும் நிரம்பும் அந்த நீருக்கு மரத்தைத் தவிரப் போக்கிடம் இல்லை, இருபுறமும் ஃபைபர் மூடியிருப்பதால் அது எளிதில் காய்வதும் இல்லை. உப்புநீராவது மரத்தை மக்கவைக்கும் பூஞ்சையைச் சற்றுத் தடுத்துவைக்கும். மழைநீருக்கு அந்தத் தயவு கிடையாது.

நான் அடைத்த படகில் சொட்டு அன்றே நின்றது. உரிமையாளர் கூலியோடு டீயும் வாங்கிக்கொடுத்தார். இரண்டு மழைக்காலம் கழித்து அவர் மறுபடி வந்தபோது, ரெயிலிங் காலுக்கு அருகில் மிதித்தால் தளம் லேசாக அமுங்கியது. பிளாஸ்டிக் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்தோம். நல்ல இடத்தில் ‘டங்’ என்று கேட்ட ஒலி, அந்த இடத்தில் ஈரச்சாக்கைத் தட்டியது போல் மந்தமாக இருந்தது. ஏறத்தாழ இரண்டடிக்கு ஒன்றரையடி அளவில் மேல்தோலை வெட்டி எடுத்தபோது, உள்ளே இருந்த பால்சா ஊறிய அவலைப் போல விரலோடு வந்தது. அரை நாளில் கழற்றி மாட்டியிருக்க வேண்டிய வேலை, மரத்தைச் சுரண்டி, புதுப் பலகை பதித்து, ஃபைபர் போட்டு, மேற்பூச்சான ஜெல்கோட்டின் நிறத்தைப் பொருத்தி முடிக்க மூன்று வாரங்களை விழுங்கியது. நிறமும் சரியாகப் பொருந்தவில்லை என்பதை இன்றைக்கும் என் கண் கண்டுபிடித்துவிடும்.

மரம் மட்டும் கெட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். துருப்பிடிக்காத எஃகு என்று நாம் நம்பும் போல்ட்டைக் காக்கும் மெல்லிய படலம் நிலைத்திருக்க ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் புகாத, நீர் தேங்கிய துளைக்குள் அந்தப் படலம் அழிந்து, தலையும் நட்டும் பளபளப்பாக இருக்கையிலேயே நடுத்தண்டு அரிக்கப்பட்டு மெலிந்துவிடுகிறது. கயிற்றைக் கட்டி இழுக்கும் நேரத்தில் கிளீட் பிய்ந்து பறந்தால் அது போய் விழும் இடத்தில் யார் நிற்பார் என்று சொல்ல முடியாது. இவ்வளவையும் ஒரு டியூப் சிலிகானால் மறைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்பவரைப் பார்த்தால், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வருகிறது.

வெளிவிளிம்பில் கோடு இழுப்பது

சாதனத்தைக் கழற்றாமல் அதன் விளிம்பைச் சுற்றி சிலிகான் கோடு இழுப்பது முந்தைய தவறின் தம்பி. படகு அசையும்போது அந்தக் கோடு ஒரு மூலையில் பெயர்ந்தாலே போதும். மேலும், சிலிகான் பட்ட இடத்தை எவ்வளவு சுரண்டினாலும் ஒரு வழவழப்பு எஞ்சிவிடுவதால், பிறகு ஜெல்கோட்டோ பெயின்ட்டோ வேறு சீலன்ட்டோ அங்கே ஒழுங்காக ஒட்டுவதில்லை.

எபாக்சி இல்லாத துளை

சாதனத்தைக் கழற்றிய பின் பழைய துளையிலேயே புது சீலன்ட்டை வைத்து மாட்டுவது பாதி வேலைதான். 8 மி.மீ. போல்ட் என்றால், கீழ்த்தோலைத் தொடாமல் மேலிருந்து 16 மி.மீ. அளவுக்குத் துளையை அகலப்படுத்தி, அங்கிருக்கும் மரத்தை எடுத்துவிட வேண்டும். மரம் ஈரமாக இருந்தால், எத்தனை நாளானாலும் அது உலர்ந்த பிறகே அடுத்த வேலை. கீழே டேப் ஒட்டி, சிலிகாப் பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்சி பிசினால் துளையை நிரப்பி, ஒரு நாள் இறுகவிட்டு, அதன் நடுவே போல்ட்டுக்கான துளையைப் போட்டால், இனி சீலன்ட் தோற்றாலும் நீர் மரத்தைத் தொடாது. துளையின் மேல்வாயைச் சற்றுச் சாய்வாக இழைத்துவிட்டால், சீலன்ட்டாகப் பயன்படும் பிசுபிசுப்பான ரப்பர் நாடாவான பியூட்டைல் டேப் அந்தப் பள்ளத்தில் போல்ட்டைச் சுற்றி ஒரு வளையம்போல் அமர்ந்துகொள்ளும்.

பாலியூரித்தேன் பசை

கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் இந்த சீலன்ட்டை, சாதனத்தை இனி ஒருபோதும் கழற்றப்போவதில்லை என்றால் மட்டும் பயன்படுத்துங்கள்.

பாலிசல்பைடு

இந்த வகை சீலன்ட், ஜன்னல்களுக்குப் போடும் அக்ரிலிக், பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குகளில் படக் கூடாது.

போல்ட்டைத் திருகுவது

மேலே ஒருவர் போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, கீழே இன்னொருவர் நட்டை மட்டும் திருக வேண்டும். போல்ட்டே சுழன்றால் அதன் கழுத்தில் அமர்ந்த சீலன்ட் அறுந்துவிடும். ஒரே மூச்சில் முழுப் பலத்தையும் காட்டி எல்லா சீலன்ட்டையும் பிதுக்கி வெளியேற்றுவதும் கூடாது. பியூட்டைல் டேப்பை இரண்டு மூன்று நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது நல்லது. நம் ஊர் வெயில் அதை இளக்கிக்கொடுத்து உதவும்.

சொட்டும் இடத்தையே குற்றம் சாட்டுவது

உள்கூரைக்கு மேல் நீர் நெடுந்தொலைவு ஓடிய பிறகே சொட்டும். ஹோஸ் பைப்பைத் தாழ்ந்த இடத்தில் தொடங்கி, ஒவ்வொரு சாதனத்தின் மேலும் சில நிமிடம் பிடித்து, படிப்படியாக மேலே ஏற வேண்டும். எடுத்தவுடன் உச்சியில் தண்ணீரைத் திறந்தால் எல்லாமே நனைந்து எதுவும் தெரியாமல் போகும்.

அந்த இளைஞரின் படகில் நீர் இறங்கியது, அவர் அடைத்த நட்டுக்கு மூன்றடி தள்ளியிருந்த ரெயிலிங் காலில். நல்லவேளையாகத் தட்டிப் பார்த்தபோது மரம் கெடவில்லை. சிலிகானைச் சுரண்டி எடுக்கவே அவருக்கு ஒரு பிற்பகல் முழுதும் ஆயிற்று. எபாக்சி இறுகி, ரெயிலிங் காலை மறுபடி மாட்டிய பிறகு நான் மேலே தண்ணீர் பிடித்தேன். அவர் டார்ச்சோடு உள்ளே படுத்து, எதுவும் பூசாத நட்டுகளை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.