மங்கலான கோடும் கோடுதான்

வீட்டிலேயே கர்ப்பம் பார்க்கும் கிட்டா? மாதவிடாய் நாள் தள்ளிப்போன பிறகு பாருங்கள். அதற்கு முன்பே அவசரப்பட்டால் பெரும்பாலும் கிட்தான் வீணாகும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் கர்ப்பமானால் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் செறிவாக இருக்கும். அட்டையில் சொன்ன அளவு சொட்டுகளை 'எஸ்' குழியில் விட்டு 5 நிமிடம் பொறுங்கள்.

கிட்டில் 'சி' என்று குறித்த இடத்தில் மட்டும் கோடு என்றால் கர்ப்பம் இல்லை. 'டி'யிலும் இளஞ்சிவப்பாக, வெளிறியாவது தெரிந்தால், ஆம் என்றே கொள்ளலாம். 'சி'யிலேயே கோடு இல்லையா? கிட் கோளாறு, வேறு வாங்குங்கள். குப்பையில் போட்டதை மதியம் எடுத்துப் பார்த்துக் (பலரும் செய்வதுதான்!) குழம்பாதீர்கள், காய்ந்தபின் தெரியும் சாம்பல் கோடு கணக்கில் சேராது.

'இல்லை' என்று வந்தும் மாதவிடாய் வரவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அடிவயிற்றில் கடும் வலியோ ரத்தப்போக்கோ இருந்தால், கிட் என்ன சொன்னாலும் சரி, உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.